வாங்கினவனுக்குக் கொடுக்க உரிமை இல்லையா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்த கமிட்டியார், பேச வேண்டிய விஷயத்தையும் தாங்களே குறித்து எழுதியிருந்தார்கள். அதாவது, கம்ப்யூட்டர் மூலமாகவும் செல்போன் மூலமாகவும் பணம் கொடுத்து வாங்கப்படும் புத்தகம், பாட்டு, சினிமா முதலானவைகளை, வாங்கினவர் மற்றொருவருக்குத் திருட்டுத்தனம் இல்லாமலும், ஆசிரியனுக்கு நஷ்டம் இல்லாமலும் கைமாற்றிக் கொடுக்க முடியுமா முடியாதா என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதேயாகும். இது ஏதோ படித்த பட்டணத்துப் பிள்ளைகளின் வம்பு, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த மண்டபத்திலுள்ள அலமாரிகளைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். இவைகளில் இருக்கிற புத்தகங்களில் பெரும் பாகம் யாரோ விலைக்கு வாங்கிப் படித்துவிட்டுப் பிறகு கொடுத்தவைகள்தானே? வாங்கினவனுக்குக் கொடுக்க உரிமை இல்லாதிருந்தால் இந்த அலமாரிகளில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் காகிதப் புத்தகத்தையே எடுத்துக் கொள்ளுவோம். 200 ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் வாங்குகிறீர்கள். படித்த பிறகு தம்பிக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் தரலாம், பாதி விலைக்கு விற்கலாம், எடைக்கும் போடலாம். யாரும் உங்களை ஏன் என்று கேட்க முடியாது. ஆனால் அதே புத்தகத்தை நீங்கள் அச்சுப் போட்டு விற்றால் ஆசிரியனும் பதிப்பாளனும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம், இழுப்பதும் நியாயமே. ஆகவே இதில் இரண்டு பாத்தியதைகள் இருக்கின்றன. எழுத்தின் மேல் உள்ள பாத்தியதை எழுதினவனுக்கு. கையிலிருக்கும் பிரதியின் மேல் உள்ள பாத்தியதை வாங்கினவனுக்கு. இந்த இரண்டையும் குழப்பாமல் மனதில் வைத்துக் கொண்டீர்களானால், இன்று நாம் பேசப் போவது முழுவதும் விளங்கிவிடும்.

இந்த இரண்டாவது பாத்தியதை வானத்திலிருந்து விழுந்ததல்ல. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்கிற ஒரு பதிப்புக் கம்பெனியார் ஒரு நாவலை அச்சிட்டு, அதற்குள்ளேயே, "இதன் சில்லறை விலை 1 டாலர், இதற்குக் குறைத்து விற்பவர்கள் காப்பிரைட் சட்டத்தை மீறினவர்களாவார்கள்" என்கிற கருத்தில் ஒரு நோட்டீசும் அச்சிட்டு வைத்தார்கள். நியூயார்க்கில் மேஸி என்ற பெரிய கடைக்காரர்கள் அதை லட்சியம் செய்யாமல் 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1908-இல் கோர்ட்டார் சொன்ன தீர்ப்பு என்னவென்றால், ஒரு பிரதியை ஒரு தடவை விற்று விலையை வாங்கிக் கொண்ட பிறகு, அந்தப் பிரதி எந்த விலைக்குக் கைமாறுகிறது என்று கேட்கப் பதிப்பாளனுக்குக் காப்பிரைட் சட்டம் அதிகாரம் கொடுக்கவில்லை என்பதாகும். மறு வருஷமே அது சட்டத்திலும் ஏறிற்று. நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்திலும், புத்தகத்தின் பிரதிகளை வெளியிடும் உரிமை ஆசிரியனுக்கு என்று சொல்லுகிற இடத்திலேயே, ஏற்கெனவே புழக்கத்தில் வந்துவிட்ட பிரதிகள் அதில் சேரா என்று கண்டிருக்கிறது. பழைய புத்தகக்காரர்கள் பிழைப்பதெல்லாம் இந்தச் சில வார்த்தைகளின் தயவினால்தான்.

நம்மைப் போன்றவர்கள் நாலெழுத்துத் தெரிந்து கொண்டதும் அந்தப் பழைய புத்தகக்காரர்களின் தயவினால்தான். நாம் காலேஜ் படிப்புப் படித்தவர்களல்ல. நம் கையில் வந்த புத்தகங்களில் பத்துக்கு எட்டு, முதல் பக்கத்தில் வேறு யாருடைய பெயரோ எழுதப்பட்டு, பாதியில் யாரோ கோடு போட்டு, ஓரத்தில் யாரோ சண்டை போட்டு எழுதி வைத்ததாகத்தான் இருக்கும். சென்னையில் 1985-இல் எரிந்து போகிற வரையில் மூர் மார்க்கெட்டில் மலை போலக் குவிந்து கிடந்ததும் அப்படிப்பட்ட புத்தகங்கள்தான். புதுப் புத்தகம் வாங்க வசதியுள்ளவன் மட்டுமே படிக்கலாம் என்றிருந்தால், படிப்பு ஒரு சிலர் வீட்டுச் சொத்தாகவே நின்றிருக்கும். எழுத்தை ஒரு கூட்டத்தார் தங்களுக்கென்று வைத்துக் கொண்டு மற்றவர்களை எட்ட நிறுத்திய கதை நம் நாட்டுக்குப் புதிதல்லவே!

நிற்க, இப்போது டிஜிட்டல் புத்தகத்துக்கு வருவோம். கடைக்காரன் திரையில் "வாங்கு" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறான். அதை அழுத்துகிறீர்கள், பணம் போகிறது, புத்தகம் வருகிறது. வாங்கிவிட்டதாக எண்ணிக் கொள்ளுகிறீர்கள். ஆனால் யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தம் ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது. அதில், உங்களுக்கு விற்கப்பட்டது புத்தகமல்ல, அதைப் படித்துக் கொள்ள அனுமதி மாத்திரமே, அந்த அனுமதியை வேறு ஒருவருக்கு மாற்ற முடியாது என்று எழுதியிருக்கும். கடைவாசலில் விற்பனை, கணக்குப் புத்தகத்தில் வாடகை! இதற்கு நாட்டுப்புறத்தில் என்ன பெயர் சொல்லுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் இதைப் பார்த்து, இது அனுமதிதான் என்பதை வாங்குகிறவனுக்கு விளங்கும்படி சொல்லாமல் "வாங்கு" என்ற வார்த்தையைப் போடக்கூடாது என்று ஒரு சட்டமே செய்தார்கள். அது 2025 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தது. வார்த்தையைத்தான் திருத்தினார்கள், உரிமையைக் கொடுக்கவில்லை.

வாடகை என்று நாம் சொல்லுவது வீண் நிந்தையல்ல. 2009 ஜூலையில் அமேசான் கம்பெனியார், தங்கள் கிண்டில் என்ற படிக்கும் கருவியில் ஜனங்கள் பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல் என்பவரின் இரண்டு புத்தகங்களை, ஒருவரையும் கேட்காமல் தூரத்திலிருந்தபடியே அழித்துவிட்டார்கள். அவைகளில் ஒன்று, அரசாங்கம் பழைய எழுத்துகளை அழித்து ஜனங்களின் ஞாபகத்தையே மாற்றுவதைப் பற்றிய "1984" என்ற நாவல்! அந்தப் பிரதிகளைக் கடையில் வைத்தவருக்கு விற்க உரிமை இல்லை என்பது உண்மை. பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிறகு கம்பெனித் தலைவர் மன்னிப்பும் கேட்டுக் கொண்டார். எல்லாம் சரி. ஆனால் காகிதப் புத்தகத்தை விற்ற கடைக்காரன், தவறாக விற்றுவிட்டேன் என்று சொல்லி ராத்திரியில் உங்கள் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொண்டு, மேஜையின் மேல் பணத்தை வைத்துவிட்டுப் போனால் சும்மா இருப்பீர்களா?

சரி, கைமாற்றிக் கொடுக்கக்கூடாது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன? அதையும் யோக்கியமாய்க் கவனிக்க வேண்டும். காகிதப் புத்தகத்தை நான் உங்களுக்குக் கொடுத்தால் என்னிடம் இருக்காது. கம்ப்யூட்டரிலோ "கொடுப்பது" என்று ஒரு காரியமே கிடையாது. அது எதை அனுப்பினாலும் அதைப்போலவே ஒன்று செய்துதான் அனுப்பும். என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். இரண்டாயிரம் பேருக்கு அனுப்பினாலும் அசல் தேயாது. ஆகவே, ஒருவன் வாங்கி ஊருக்கெல்லாம் அனுப்பினால் எழுதினவன் வாயில் மண்தான் என்கிறார்கள். இது மெய்யான ஆட்சேபணை. எழுதுகிறவன் உழைப்பாளி; நெசவு நெய்கிறவனுக்குக் கூலி உண்டென்றால் எழுதினவனுக்கும் உண்டு. எல்லாம் எல்லோருக்கும் இனாம் என்று சொல்லித் திருட்டுப் பிரதியைப் பரப்புகிறவர்கள் நம் கட்சிக்காரர்களல்ல.

ஆனால் ஆட்சேபணை மெய்யென்பதால் பரிகாரமே இல்லையென்று ஆகிவிடுமா? ஒரு நிலத்தை விற்கிறீர்கள். நிலத்தைத் தூக்கிக் கொண்டு போயா வாங்குகிறவர் வீட்டில் வைக்கிறீர்கள்? நிலம் கிடக்கிற இடத்திலேயே கிடக்கிறது. சப்-ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திரம் பதிவாகிறது. பட்டாவில் பெயர் மாறுகிறது. நேற்று வரை உழுதவன் இன்று உழ முடியாது. கைமாறுவது மண்ணல்ல, பாத்தியதை. டிஜிட்டல் புத்தகத்துக்கும் இதையே செய்யலாம். புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட வேண்டியது. பூட்டின பைலை ஆயிரம் பேர் காப்பி எடுத்தாலும் திறக்க முடியாதாகையால் குற்றமில்லை. திறக்கும் சாவி யாருக்கு என்பதற்கு ஒரு ரிஜிஸ்தர். நான் உங்களுக்குக் கொடுக்கிறேன் என்றால், ரிஜிஸ்தரில் என் பெயர் போய் உங்கள் பெயர் ஏறும். சாவி உங்களுக்கு வரும். என் கருவி ரிஜிஸ்தரைக் கேட்டுப் பார்த்து, எனக்குப் பாத்தியதை இல்லையென்று கண்டு, என்னிடமிருந்த சாவியை அழித்துவிடும்.

சாவியை வழியில் எவனாவது பிடுங்கிக் கொண்டால் என்ன செய்வதென்று கேட்பீர்கள். அதற்கும் வழி 1976, 1977-லேயே அமெரிக்காவில் வெளியாகிவிட்டது. டிஃபி, ஹெல்மன் என்ற இருவரும், அவர்களுக்குப் பின் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவரும் கணக்கினால் கண்டுபிடித்த வித்தை அது. ஒவ்வொருவனுக்கும் பூட்டு ஒன்று, அதற்குரிய சாவி ஒன்று. பூட்டை ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாம். சாவி மட்டும் உங்கள் மடியில். எவன் வேண்டுமானாலும் ஒரு பெட்டியில் வைத்து உங்கள் பூட்டைப் போட்டு அனுப்பலாம். பூட்டினவனே மறுபடி திறக்க விரும்பினாலும் முடியாது. புத்தகத்தின் சாவியை இப்படி உங்கள் பூட்டுக்குள் வைத்து அனுப்பினால் நடுவழியில் பிடுங்குகிறவனுக்கு இரும்புப் பெட்டிதான் மிச்சம். நீங்கள் செல்போனில் பணம் அனுப்புகிறீர்களே, அந்தப் பணம் வழியில் களவு போகாமலிருப்பதும் இந்த வித்தையினால்தான். எந்த மந்திரமும் இதில் இல்லை. பெரிய எண்களைப் பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்ற கணக்குத்தான் இதற்கு ஒரு அஸ்திவாரம்.

இப்படி ஒரு கடை நிஜமாகவே நடந்தது என்பதையும் சொல்லுகிறோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ரீடிஜி என்ற கம்பெனி 2011-இல் பழைய பாட்டுகளை விற்கும் டிஜிட்டல் கடையைத் திறந்தது. ஆப்பிள் கம்பெனியின் ஐடியூன்ஸ் கடையில் விலைக்கு வாங்கின பாட்டு என்று ருசுவானால்தான் எடுத்துக் கொள்ளும். பாட்டைச் சிறு சிறு துண்டாக எடுத்து, ஒரு துண்டு அந்தப் பக்கம் போனவுடன் இந்தப் பக்கம் அந்தத் துண்டு அழியும்படி செய்திருந்தார்கள். விற்றவர் கம்ப்யூட்டரில் வேறு காப்பி இருக்கிறதா என்றும் அவர்கள் புரோகிராம் தேடிக் கொண்டேயிருக்கும். இருந்தால் அழிக்கச் சொல்லும். மறுத்தால் அவர் கணக்கையே நிறுத்திவிடும். ஒரு பாட்டின் விலை 59 முதல் 79 சென்டு. அதில் நூற்றுக்கு 60 பங்கு கம்பெனிக்கு, 20 விற்றவருக்கு, 20 பாடினவருக்கென்று தனியே வைக்கப்பட்டது. 60 பங்கு கம்பெனிக்கு என்பது நமக்கே கொஞ்சம் அதிகமாய்த்தான் படுகிறது. இருந்தாலும் தோழர்களே, எந்தப் பழைய புத்தகக்காரன் எழுதினவனுக்கென்று ஒரு காசாவது எடுத்து வைக்கிறான்? அந்த விதத்தில் இது காகித வியாபாரத்தைவிட மேலானதல்லவா?

கேபிடல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியார் 2012 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். 2013-இல் நியூயார்க் ஜில்லாக் கோர்ட்டு ஜட்ஜு, பழையது அழிந்தாலும் அழியாவிட்டாலும் புது இடத்தில் உண்டானது புதுப் பிரதி, ஆகையால் சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். 2018 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது; விற்றவர் வேறு கருவியில் ஒரு காப்பி ஒளித்து வைத்திருந்தால் ரீடிஜியால் தடுக்க முடியாது என்றும் எடுத்துக் காட்டியது. இந்தப் பிந்தின குறை உண்மையான குறை. இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஜில்லா ஜட்ஜு சொன்ன இன்னொரு சங்கதியைக் கேளுங்கள். பாட்டு முதன்முதலில் இறங்கின ஐபாடையோ கம்ப்யூட்டர் டிஸ்க்கையோ அப்படியே விற்றால் பழைய சட்டம் காப்பாற்றும் என்றார். அதாவது, நெல்லை விற்பதானால் பத்தாயத்தோடு சேர்த்து விற்க வேண்டும்! அந்தக் கம்பெனி தீர்ப்பு முடிவதற்கு முன்பே, 2016-இல், திவால் மனுக் கொடுத்துவிட்டது.

ஐரோப்பாவில் நடந்தது இதைவிட வேடிக்கை. யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மன் கம்பெனி, ஒருவர் வாங்கி உபயோகமில்லாமல் வைத்திருந்த கம்ப்யூட்டர் புரோகிராம்களின் உரிமையை வாங்கி விற்றது. ஆரக்கிள் கம்பெனியார் வழக்குப் போட்டார்கள். 2012 ஜூலை 3-ந் தேதி ஐரோப்பிய யூனியன் கோர்ட்டார், காலவரையில்லாமல் உபயோகிக்கும்படி ஒரே விலை வாங்கிக் கொண்டு கொடுத்தது விற்பனைதான், ஒப்பந்தத்தில் "அனுமதி" என்று எழுதிக் கொண்டதனால் அது மாறிவிடாது, வாங்கினவர் தம்மிடமுள்ளதை உபயோகமில்லாமல் செய்துவிட்டு மறுபடி விற்கலாம் என்று தீர்ப்புச் செய்தார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் ஹாலந்தில் டாம் கபினெட் என்பவர்கள் டிஜிட்டல் புத்தகத்தை அதே மாதிரி பழைய விலைக்குக் கொடுக்க முற்பட்டபோது, அதே கோர்ட்டார் 2019 டிசம்பர் 19-இல் கூடாது என்றார்கள். ஏனென்றால் புத்தகத்துக்குச் சட்டம் வேறாம். அன்றியும் டிஜிட்டல் பிரதி தேயாது, கிழியாது, பழசும் புதுசும் ஒன்றே, ஆகையால் புதுப் புத்தக வியாபாரத்துக்கு அதிக நஷ்டமாம். கம்ப்யூட்டர் புரோகிராமும்தான் தேயாது, கிழியாது! ஆபீஸ்காரன் வாங்கும் சரக்குக்கு ஒரு நீதி, படிக்கிறவன் வாங்கும் சரக்குக்கு ஒரு நீதி.

இன்னும் கேளுங்கள். 2011-இல் ஹார்பர்காலின்ஸ் என்ற பெரிய பதிப்பாளர்கள் அமெரிக்க நூல்நிலையங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். அதாவது, டிஜிட்டல் புத்தகம் 26 தடவை இரவல் போனவுடன் அதன் ஆயுள் முடிந்தது, மறுபடி பணம் கட்ட வேண்டும் என்பதாகும். காகிதப் புத்தகமும் கிழிந்து போகிறதே என்று அதற்குச் சமாதானமும் சொன்னார்கள். ஆகவே, விற்கப் போனால் "அது தேயாது, ஆகையால் விற்காதே". நூல்நிலையத்தில் வைத்தால் "அது தேயும், ஆகையால் மறுபடி வாங்கு". ஒரே பொருள், கேட்கிறவனைப் பார்த்துத் தேய்கிறது. கேட்கிறவனைப் பார்த்துத் தேயாமலிருக்கிறது. திருவுளச்சீட்டு எப்போதும் பூசாரிக்கு அனுகூலமாகவே விழுவதை நாம் பார்த்ததில்லையா?

கைமாற்றுவது முடியாத காரியம் என்பதை அவர்களே நம்புகிறார்களா என்றால், அதுவுமில்லை. அமேசான் கம்பெனியாரே, ஒருவருடைய டிஜிட்டல் பொருளை மற்றொருவர் கணக்குக்கு மாற்றி, முன்னவரிடமிருந்து நீக்கி, இத்தனை தடவைதான் மாறலாம் என்று வரம்பும் வைக்கும் ஒரு முறைக்கு 2013 ஜனவரி 29-இல் அமெரிக்காவில் பேட்டண்ட் வாங்கினார்கள். முறை தெரியும், பேட்டண்டும் பெட்டியில் இருக்கிறது, கடைதான் திறக்கவில்லை.

இனி நம் யோசனையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பூட்டும் முழுப் பூட்டு அல்ல. திரையில் தெரிவதை வேறொரு போனால் படம் பிடிக்கலாம். காதில் கேட்பதைப் பதிவு செய்யலாம். ஆனால் காகிதப் புத்தகத்தையும்தான் ஜெராக்ஸ் எடுக்கலாம். அதற்காகக் காகிதப் புத்தகத்தை இரவல் கொடுக்கக்கூடாது என்று யாரும் சட்டம் செய்யவில்லையே! இரண்டாவது குறை பெரியது. அதாவது, ரிஜிஸ்தர் யார் கையில் இருப்பது? விற்கிற கம்பெனியின் கையிலேயே இருந்தால், அவன் கடையை மூடின அன்று உங்கள் பாத்தியதையும் மூடப்படும். மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 2019-இல் தங்கள் புத்தகக் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்களெல்லாம் அந்த ஜூலையிலிருந்து திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலரும் கொடுத்தார்கள். ஒருவன் படித்துப் படித்து எழுதி வைத்த குறிப்புக்கு 25 டாலர் விலை! நிலம் விற்கிறவனே சப்-ரிஜிஸ்தராகவும் இருந்தால் எந்தக் குடியானவன் நிலம் வாங்குவான்? ஆகையால் இந்த ரிஜிஸ்தர் சர்க்காரிடமோ, நூல்நிலையங்கள் கூடிய ஒரு பொது ஸ்தாபனத்திடமோ, கடைக்காரனுக்குக் கட்டுப்படாததாய் இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அப்படிச் செய்தால் யார் என்ன படிக்கிறான் என்ற ஜாபிதா சர்க்கார் கையில் சேருமே என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான பயம். பெயருக்குப் பதில் ஒரு எண்ணை மாத்திரம் பதிவதும், யார் எந்த எண் என்பதை அந்த ரிஜிஸ்தரில் வைக்காமலிருப்பதும் முடியாத காரியமல்ல.

பிளாக்செயின் என்ற பொது ரிஜிஸ்தரே போதும் என்று சிலர் சொல்லுகிறார்கள். ஒருவர் கையிலும் அடங்காத ரிஜிஸ்தர் என்பது நல்ல யோசனைதான். ஆனால் 2021-இல் என்.எஃப்.டி. என்று சொல்லி ஒரு மதமே கிளம்பிற்று. படத்துக்கு லக்ஷக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்களில் அநேகருக்குக் கிடைத்தது ரிஜிஸ்தரில் ஒரு வரிதான். படத்தின் காப்பிரைட் எழுதினவனிடமே இருந்தது, படம் வேறு எங்கோ இருந்தது. ரிஜிஸ்தருக்குப் பின்னால் சட்டம் ஒப்புக் கொண்ட உரிமை இல்லையானால் அது வெறும் தாயத்து.

நம் நாட்டில் நிலைமை என்னவென்றால், 1957-ஆம் வருஷத்துச் சட்டம் கம்ப்யூட்டர் வழியாய் இறக்கிக் கொண்ட பிரதியை வாங்கினவன் கைமாற்றலாமா என்பதைப் பற்றி வெளிப்படையாய் ஒன்றும் சொல்லவில்லை. 2012-இல் திருத்தினபோது பூட்டுக்கு மட்டும் காவல் போட்டார்கள். காப்பிரைட்டை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனுக்கு 2 வருஷம் வரை ஜெயிலும் அபராதமும் உண்டு. உடைப்பவனைத் தண்டிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பூட்டினவன், வாங்கினவனுக்குச் சாவியைக் கைமாற்ற வழி வைக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாமல்லவா? இதை நம் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் ஓட்டுக் கேட்க வரும்போது நீங்கள் கேட்க வேண்டும்.

அதுவரையில் இந்த வாசகசாலை என்ன செய்வது? கமிட்டியார் வரும் வருஷம் டிஜிட்டல் புத்தகங்கள் வாங்கப் பணம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். முதலில் இனாமாகவும் நியாயமாகவும் கிடைப்பவைகளை எடுத்துக் கொள்ளுங்கள். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 வருஷம் கழிந்த புத்தகங்களுக்குக் காப்பிரைட் இல்லை. தமிழ்நாட்டு அரசாங்கம் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமையாக்கின ஆசிரியர்களின் எழுத்துகளும் ஏராளமாய் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பார்க்கலாம். நாட்டுடைமையானவைகளை யாருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுங்கள். பூட்டும் வேண்டாம், ரிஜிஸ்தரும் வேண்டாம்.

விலைக்கு வாங்குவதானால் விற்க வருகிறவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, இவைகளைக் கேளுங்கள்: இது விற்பனையா, வாடகையா? எத்தனை தடவை இரவல் கொடுக்கலாம்? உங்கள் கம்பெனி மூடினால் புத்தகம் திறக்குமா? எங்களுக்கு வேண்டாமென்றால் பக்கத்து ஊர் வாசகசாலைக்குக் கொடுக்கலாமா? பதிலை வாய்வார்த்தையாய் வாங்காமல் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். நாலுக்கும் நல்ல பதில் எழுதிக் கொடுக்கிற விற்பனையாளர் யாராவது வந்தால், கமிட்டியார் நமக்கும் ஒரு கார்டு எழுதிப் போட வேண்டுகிறோம். நாமும் வந்து இரண்டு புத்தகம் வாங்கிக் கொள்ளத் தயாராயிருக்கிறோம்.